செயற்கைத் தசை

மேசையின்மேல் இருக்கும் ஒரு கோப்பையை எடுத்து வாயருகே கொண்டு போகிறோம். நாள்தோறும் பலமுறை நிகழும் இச்செயலைப் பற்றி நாம் ஒரு கணமேனும் சிந்திப்பதில்லை. தோள் சற்றே முன் நகர்கிறது, முழங்கை மடங்குகிறது, ஐந்து விரல்களும் கோப்பையைச் சூழ்ந்து, அது நழுவாத அளவுக்கும் நொறுங்காத அளவுக்கும் பற்றிக்கொள்கின்றன. காகிதக் கோப்பையானால் ஒரு பிடி, பித்தளைச் செம்பானால் வேறொரு பிடி. இவ்வளவு வேலைகளும் நடந்தபின் நமக்குத் தெரிவதெல்லாம் பானத்தின் சுவை ஒன்றுதான். தசை தன் கடமையைச் செய்யும்வரை அதன் அருமையை நாம் உணர்வதில்லை. நோயினாலோ விபத்தினாலோ கை செயலற்றுப் போனவர் ஒருவரைக் கேட்டால் அவர் சொல்வார், அந்தக் கோப்பைக்கும் வாய்க்கும் இடையே எத்தனை தொலைவு என்று.

இத்தகைய தசையை மனிதன் தன் கையாலேயே செய்ய முடியுமா? ரப்பர், நைலான், பிளாஸ்டிக் முதலிய பொருள்களைக் கொண்டு, நம் தசையைப்போல் சுருங்கி விரியும் ஒன்றை உண்டாக்க இயலுமா? முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக இரசாயன அறிஞர்களும் பௌதிக அறிஞர்களும் இக்கேள்வியோடு போராடி வருகிறார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றித்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

"மோட்டார் இருக்கும்போது தசை எதற்கு?" என்று மாணவ நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மோட்டார் சுழலும், தசையோ இழுக்கும். சுழற்சியை இழுப்பாக மாற்றப் பற்சக்கரங்களும் திருகுகளும் வேண்டும். அவை கனமானவை, விறைப்பானவை. பற்சக்கரம் பூட்டிய இரும்புக் கை ஒன்று தவறிப்போய் நம்மேல் மோதினால் அது தானாக விட்டுக்கொடுக்காது. தசை அப்படியன்று. அது இழுக்கும்போதும் மென்மையாக இருக்கிறது. எதிர்ப்பட்டதற்கு இணங்கி வளைந்து கொடுக்கிறது. நோயாளியின் அருகிலும் குழந்தையின் அருகிலும் வேலை செய்ய வேண்டிய கருவிக்கு அந்த இணக்கம் இன்றியமையாதது.

நம் தசைக்கு இழுக்கத்தான் தெரியும்; தள்ளத் தெரியாது. மேற்கையின் முன்புறத் தசை இழுத்தால் முழங்கை மடங்குகிறது. அதை நீட்டுவதற்குப் பின்புறத் தசை இழுக்க வேண்டும். இவ்வாறு உடலெங்கும் தசைகள் இணை இணையாக, ஒன்றுக்கொன்று எதிராக அமைந்திருக்கின்றன. தசைக்குள்ளே நுழைந்து பார்த்தால் ஆக்டின், மயோசின் என்னும் இருவகைப் புரத இழைகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தசை சுருங்கும்போது இந்த இழைகள் சுருங்குவதில்லை. ஒன்றின் இடுக்கில் மற்றொன்று வழுக்கிச் செல்கிறது. 1954-ஆம் ஆண்டில் இந்த உண்மை வெளிப்பட்டது. ஹக் ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் ஒருபுறம், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்க்கேயும் மறுபுறம், தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவை எட்டினார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர் என்பது படிப்போர் பலரையும் குழப்பும் செய்தி.

புரதமும் ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறுதான். சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலியாக அமைந்த பொருளையே பலபடி என்றும் பாலிமர் என்றும் சொல்கிறோம். பருத்தியும் பட்டும் ரப்பரும் இயற்கை தந்த பலபடிகள். நைலானும் பாலிதீனும் மனிதன் செய்தவை. தசையும் பலபடி, ரப்பரும் பலபடி என்னும்போது, ஒன்று செய்யும் வேலையை மற்றொன்றைக் கொண்டு செய்விக்கலாம் என்ற ஆசை எழுவது இயல்பன்றோ?

அந்த ஆசைக்கு அடிப்படையான உண்மையை நீங்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். அகலமான ரப்பர்ப் பட்டை ஒன்றை எடுத்துச் சட்டென்று நன்றாக இழுத்து, இழுத்த நிலையிலேயே மேலுதட்டில் வைத்துப் பாருங்கள். அது வெதுவெதுப்பாக இருக்கும். சிறிது நேரம் அப்படியே பிடித்திருந்து, பிறகு தளரவிட்டு மீண்டும் உதட்டில் வையுங்கள். இம்முறை குளிர்ச்சி தெரியும். இதை முதன்முதலில் கவனித்து உலகுக்குச் சொன்னவர் இங்கிலாந்தில் கெண்டல் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜான் காஃப். இளம் வயதிலேயே அம்மை நோயால் கண்பார்வையை இழந்தவர் அவர். அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்டனுக்கு இளமையில் ஆசிரியராக விளங்கியவரும் அவரே. கண் பார்க்காததை உதடு உணர்ந்தது. 1805-இல் அச்சேறிய அவருடைய கட்டுரையில் இதைவிட வியப்பான செய்தி ஒன்றும் இருந்தது. எடை தொங்கவிட்டு நீட்டிய ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாது, சுருங்கி எடையை மேலே தூக்கும் என்பதே அது. இரும்புக் கம்பி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும் என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அரை நூற்றாண்டுக்குப் பின், 1859-இல், ஜூல் இதை நுட்பமாக அளந்து உறுதிப்படுத்தினார்.

ஏன் இப்படி? ஒரு திடலில் நூறு சிறுவர்கள் கைகோத்து ஒரே வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவனும் தன் விருப்பம்போல் குதித்து ஆடினால் வரிசை நேராக நிற்குமா? வளைந்து நெளிந்து, இரு கோடியிலும் நிற்பவர்கள் ஒருவரையொருவர் நெருங்கி வருவார்கள். அவர்களை விலக்கி நிறுத்த வேண்டுமானால் நாம் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆட்டம் மிகுந்தால் இழுப்பும் மிகும். ரப்பரின் சங்கிலி மூலக்கூறுகளை ஆட்டுவிப்பது வெப்பம். நேராக நிற்பதற்கு ஒரே வழி, சுருண்டு கிடப்பதற்கோ எண்ணற்ற வழிகள். ஆதலால் அவை சுருளவே முனைகின்றன. சூடு ஏற ஏற அந்த முனைப்பும் ஏறுகிறது. செயற்கைத் தசையின் வரலாற்றில் பெரும்பகுதி, சுருண்டிருக்க விரும்பும் இந்தச் சங்கிலியை வேண்டும்போது நீளச் செய்வதும் வேண்டும்போது சுருளச் செய்வதும் எவ்வாறு என்பதேயாகும்.

வெப்பத்துக்குப் பதிலாக இரசாயனத்தையே கருவியாக்கியவர்கள் ஸ்விட்சர்லாந்தில் பாசல் நகரின் வெர்னர் கூனும், இஸ்ரேலில் வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்தின் அஹரோன் கட்சால்ஸ்கியும் ஆவர். 1949, 1950-ஆம் ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியே பலபடிச் செயற்கைத் தசையின் பிறப்பு எனலாம். அவர்கள் எடுத்துக்கொண்டது பாலிஅக்ரிலிக் அமிலம் என்னும் பலபடி. அதன் சங்கிலி நெடுகிலும் அமிலக் கூறுகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. காரத்தில் இட்டால் அக்கூறுகள் தம் ஹைட்ரஜன் அயனிகளை இழந்து எதிர்மின்னேற்றம் பெறும். ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுமாதலால் சங்கிலி விறைத்து நீளும். அமிலத்தை ஊற்றினால் மின்னேற்றம் மறைந்து சங்கிலி மறுபடியும் சுருளும். இப்பொருளால் ஆன இழையில் சிறு எடையைத் தொங்கவிட்டு, காரமும் அமிலமும் மாறி மாறி ஊற்றினால் எடை இறங்கும், ஏறும். மின்சாரமும் இல்லை, நீராவியும் இல்லை. இரசாயன மாறுதலே நேராக இயக்கமாகிறது. நம் தசையில் நடப்பதும் அதுதானே? 1966-இல் கட்சால்ஸ்கி குழுவினர் இன்னும் ஒரு படி சென்று, விலங்குத் தசைநாணில் உள்ள கொல்லாஜன் இழையை வாராகப் பூட்டி, உப்புக் கரைசலில் சுருங்கியும் நீரில் நீண்டும் அது சக்கரத்தைச் சுழற்றுமாறு ஓர் இயந்திரமே அமைத்துக் காட்டினார்கள்.

ஆனால் இந்தத் தசைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அது மிக மெதுவானது. அமிலம் இழையின் மேற்பரப்பிலிருந்து உள்ளே ஊறிச் செல்ல வேண்டும். ஊறுவதற்கு ஆகும் நேரமோ தடிமனின் வர்க்கத்தை ஒட்டி வளரும். இழை இரு மடங்கு தடித்தால் நான்கு மடங்கு நேரம், பத்து மடங்கு தடித்தால் நூறு மடங்கு நேரம். மயிரிழை நொடிக்கணக்கில் சுருங்கினால், அதே பொருளாலான கயிறு மணிக்கணக்கில் சுருங்கும். இயற்கை இந்தச் சிக்கலை எவ்வாறு தீர்த்தது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. நம் தசை நார்கள் தலைமயிர் அளவே தடித்தவை. ஒவ்வொரு நாரையும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சூழ்ந்திருக்கின்றன. எரிபொருள் ஊறிச் செல்லவேண்டிய தொலைவு எப்போதும் மிகச் சிறியதாகவே வைக்கப்பட்டிருக்கிறது. தசையைப் போன்ற இழையைச் செய்துவிட்டோம் என்று மகிழ்ந்தவர்கள், தசையின் இரத்த ஓட்டத்தைச் செய்யவில்லையே என்பதை அப்போதுதான் உணர்ந்தார்கள்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், இரசாயனத்தோடு தொடர்பே இல்லாத ஒருவர், முற்றிலும் வேறொரு காரணத்துக்காக, வேறொரு தசையைச் செய்தார். அவர் பெயர் ஜோசப் மெக்கிப்பன். அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக்கூடத்தின் பௌதிக அறிஞர். 1945-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் விடியற்காலையில் உலகின் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டபோது, அதை வெடிக்கச் செய்யும் தானியங்கிக் கடிகாரத்தின் விசையை முடுக்கிவிட்டவர் அவர்தான். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1952-இல், அவருடைய மகளை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கைகால்கள் செயலிழந்தன. அந்த நோய்க்கான சால்க் தடுப்பு மருந்து பயனுள்ளதென்று அறிவிக்கப்பட்டது 1955-இல். அவளைப் பொறுத்தமட்டில் மூன்று ஆண்டுகள் தாமதமாகிவிட்டது.

நரம்புகள் கட்டளையிடவில்லை; ஆகவே விரல்கள் அசையவில்லை. எலும்பும் மூட்டும் தோலும் அப்படியே இருந்தன. இழுப்பதற்கு ஓர் ஆள்தான் இல்லை. அந்த ஆளைத் தந்தை செய்ய முற்பட்டார்.

அவர் செய்தது மிக எளியது. மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று. அதன்மேல் சாய்வாகவும் குறுக்கும் மறுக்குமாகவும் பின்னிய உறை ஒன்று. இரு நுனிகளும் இறுகக் கட்டப்பட்டிருக்கும். ஒரு நுனி வழியே வாயுவைச் செலுத்தினால் குழாய் பருத்து உப்பும். உறையோ நீளத்தில் சுருங்கும். கடைகளில் பூண்டும் ஆரஞ்சும் போட்டு விற்கும் வலைப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நீளவாக்கில் இழுத்தால் ஒடுங்குகிறது; அகலவாக்கில் விரித்தால் நீளம் குறைகிறது. வலையின் நூல்கள் நீளவுமில்லை, சுருங்கவுமில்லை. அவற்றின் சாய்வு மட்டுமே மாறுகிறது. அவ்வாறே மெக்கிப்பன் தசையிலும் பின்னல் இழைகளின் சாய்வு மாற மாற இழுப்பு உண்டாகிறது. இழைகள் குழாயின் நீளவாட்டத்தோடு ஏறத்தாழ 55 பாகைச் சாய்வை அடைந்ததும் இழுப்பு நின்றுவிடும். அதற்குள் தசை தன் நீளத்தில் கால் பங்கு அளவுக்குச் சுருங்கியிருக்கும். நம் தசையின் சுருக்கமும் ஏறத்தாழ அவ்வளவே என்பது நல்வாய்ப்பான பொருத்தம். இன்னொரு பொருத்தமும் உண்டு. இழுப்பின் தொடக்கத்தில் விசை மிகுந்தும், சுருங்கச் சுருங்கக் குறைந்தும் வரும். அதனால் பற்றும் விரல் பொருளை நெரித்துவிடாது.

இந்தத் தசையை முன்கையின் நெடுகப் பொருத்தி, விரல்களுக்கு ஒரு கட்டுச் சட்டம் அமைத்து, கரியமில வாயு அடைத்த சிறு கலத்தோடு இணைத்தார்கள். உடம்பில் எஞ்சியிருந்த ஏதேனும் ஓர் அசைவைக் கொண்டு வால்வைத் திறந்தால், கட்டை விரலும் மற்ற விரல்களும் ஒன்றையொன்று நெருங்கிப் பொருளைப் பற்றும். வால்வை மூடி வாயுவை வெளிவிட்டால் கை தளரும். செயலற்ற கை மீண்டும் ஒரு பொருளை எடுக்க முடிந்தது. அணுகுண்டின் விசையை முடுக்கிய கை இந்த வால்வையும் அமைத்தது. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே வாழ்நாளில் செய்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு இந்த வரலாற்றை விரைந்து கடந்துபோக மனம் வருவதில்லை.

வாயுத் தசைக்கும் குறைகள் உண்டு. வாயுக் கலத்தையோ காற்றழுத்தும் பொறியையோ கூடவே சுமக்க வேண்டும், ரப்பர் தேயும், இழுப்பைத் துல்லியமாக அடக்கி ஆள்வது கடினம். மின்சாரத்தால் நேரே இயங்கும் தசை கிடைத்தால் இவையெல்லாம் தீருமே என்று பலரும் எண்ணினார்கள். அதற்கான விதை மிகப் பழையது. எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற ராண்ட்ஜன், அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1880-இல், எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பர்ப் பட்டையின்மேல் மின்னேற்றத்தைப் பாய்ச்சி, பட்டை நீளுவதைக் கண்டார். மின்னேற்றத்தை நீக்கியதும் அது பழைய நீளத்துக்குத் திரும்பியது. ஆனால் அக்காலத்தில் அதைப் பயன்படுத்துவார் இல்லை.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 2000-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தில் ரான் பெல்ரீன், ராய் கார்ன்ப்ளூ முதலியோர் அந்த விதையை முளைக்கச் செய்தார்கள். மெல்லிய ரப்பர்த் தாள் ஒன்றின் இருபுறமும், நீளக்கூடிய கரிக்குழம்பைப் பூசினார்கள். ஒருபுறம் நேர்மின்னேற்றம், மறுபுறம் எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் இடையிலுள்ள தாள் நசுங்குகிறது. ரப்பரின் கன அளவு மாறாது. ஆதலால் நசுங்கியது பக்கவாட்டில் பரவியே தீரவேண்டும். சப்பாத்தி மாவு உருண்டையை உள்ளங்கையால் அழுத்துவது போலத்தான்.

இதன் வலிமையைச் சிறு கணக்கால் அறியலாம். 0.05 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கோன் ரப்பர்த் தாளில் 3,000 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்ப் பரப்பிலும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடை வைத்தது போன்ற அழுத்தம் உண்டாகும். நம் தசையின் இழுப்பும் சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 3 கிலோகிராம் வரைதான். எஸ்.ஆர்.ஐ. அறிஞர்கள் முன்கூட்டியே நன்றாக இழுத்துப் பூட்டிய அக்ரிலிக் தாளைப் பயன்படுத்தினார்கள். அது கடையில் விற்கும் ஒருவகை ஒட்டுநாடாதான்! அது மின்சாரம் பாய்ந்ததும் 215 சதவீதம், அதாவது இருந்த நீளத்தைப்போல் மூன்று மடங்கிற்கும் மேலாக நீண்டது. கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டது. வேகம், நீட்சி, விசை மூன்றும் ஒருங்கே வாய்த்த பலபடி அதுவரை காணப்படாதது.

மூவாயிரம் வோல்ட் என்றதும் நீங்கள் அஞ்சியிருப்பீர்கள். பாயும் மின்னோட்டம் மிகச் சிறிதே என்றாலும், அச்சம் முற்றிலும் பொய்யன்று. தாளில் எங்கேனும் ஊசிமுனை அளவு குறை இருந்தால் அங்கே பொறி பாய்ந்து துளை விழும். தசை அத்தோடு முடிந்தது. குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் வகை ஒன்றும் உண்டு. 1992-இல் ஜப்பானியரான கெய்சுகே ஒகுரோவும் அவர் குழுவினரும், அயனிகள் ஊடுருவக்கூடிய பிளாஸ்டிக் தாளில் பிளாட்டினம் பூசி, ஓரிரு வோல்ட் மின்சாரத்திலேயே அது மீனின் வால்போல் வளைவதைக் காட்டினார்கள். ஆனால் அது ஈரமாகவே இருக்கவேண்டும், விசையும் குறைவு.

இவ்வாறு பலவகைத் தசைகள் ஆராய்ச்சிக்கூடங்களில் பெருகிவந்த வேளையில், அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பணியாற்றிய யோசப் பார்-கோஹன் 1999-இல் ஓர் அறைகூவல் விடுத்தார். பலபடித் தசையால் இயங்கும் ஒரு கையைச் செய்யுங்கள். அது மனிதனோடு கைமல்லில் மோதி வெல்லட்டும் என்றார். முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கைகளைக் கோத்து, எதிராளியின் கையைச் சாய்க்கும் விளையாட்டு நம் பள்ளிகளிலும் உள்ளதுதானே. ஆறு ஆண்டுகள் கழித்து, 2005 மார்ச் 7-ஆம் நாள், கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் அந்தப் போட்டி நடந்தது. மூன்று செயற்கைக் கைகள் களமிறங்கின. எதிர்த்து அமர்ந்தவர் மல்லர் அல்லர். பதினேழு வயதுப் பள்ளி மாணவி.

முதல் கை ஓர் அமெரிக்க நிறுவனத்தாருடையது. 26 நொடிகள் தாக்குப்பிடித்தது. இரண்டாவது, ஸ்விட்சர்லாந்து அறிஞர்கள் செய்தது. மேலே சொன்ன ரப்பர்த் தாளைச் சுருட்டி அமைத்த 250-க்கு மேற்பட்ட சுருள்கள் அதில் இணை இணையாக, நம் கைத்தசைகளைப்போல் எதிரெதிராக அமைக்கப்பட்டிருந்தன. அது 4 நொடிகளில் சாய்ந்தது. மூன்றாவது கையைச் செய்தவர்கள் வர்ஜீனியாவின் பொறியியல் மாணவர்கள். கூனும் கட்சால்ஸ்கியும் காட்டிய வழியில், அமில மாறுதலால் சுருங்கும் இழைகளை அவர்கள் கையாண்டார்கள். அது 3 நொடிகளில் தோற்றது. இத்தகைய இழைகள் மெதுவானவை என்று முன்னே சொன்னேனல்லவா? அந்தப் பழைய குறை, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மேடையேறித் தன்னைக் காட்டிக்கொண்டது.

மறு ஆண்டு மனிதரோடு மோதவிடாமல், கைகளின் விசையையும் வேகத்தையும் கருவிகொண்டு அளந்தார்கள். மாணவி ஒருவரின் கையும் அவ்வாறே அளக்கப்பட்டது. செயற்கைக் கைகளின் திறன் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு என்று கண்டார்கள். தோல்வியை மறைக்காமல் எண்ணாக எழுதிவைத்தது அந்த அறிஞர்களுக்குப் பெருமை தருவதே.

அப்படியானால் குறைபட்டது வலிமைதானா? பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2014-இல் வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பு அந்த எண்ணத்தை மாற்றியது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் நிலையத்தில் கார்ட்டர் ஹெய்ன்ஸும் அவருடைய தோழர்களும், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் அறிஞர்களோடு சேர்ந்து, புதிய பொருள் எதையும் தேடாமல், கடற்கரையில் தங்கூசி என்று வழங்கும் நைலான் தூண்டில் நரம்பையும் தையல் நூலையும் எடுத்துக்கொண்டார்கள். நரம்பின் ஒரு நுனியில் எடையைத் தொங்கவிட்டு, எடை சுழலாதவாறு தடுத்து, மறுநுனியை முறுக்கிக்கொண்டே போனார்கள். முறுக்கு ஓர் எல்லையை மீறியதும் நரம்பு தானாகவே மணிமணியாகச் சுருண்டு வில்சுருள் போலாயிற்று. அதைச் சூடாக்கினால் சுருங்கி எடையைத் தூக்கியது, குளிர்ந்தால் நீண்டது.

மழையில் நனைந்த கொடிக்கயிறு விறைத்து இறுகுவதைக் கண்டிருப்பீர்கள். நார்கள் நீரைக் குடித்துப் பருக்கின்றன. முறுக்கிய நார் பருத்த உடலைச் சுற்றிவர அதிக நீளம் வேண்டியிருப்பதால் கயிறு குறுகுகிறது. நைலானில் நீரின் வேலையை வெப்பம் செய்கிறது. சூடேறிய நைலான் நரம்பு தடிப்பில் பருக்கும், நீளத்தில் சிறிது குறையும். அதனால் முறுக்கு அவிழ முயல்கிறது. நுனிகள் சுழலாதபடி கட்டப்பட்டிருப்பதால் அவிழ வழியின்றி, அந்த முறுக்கு விசை சுருளின் வளையங்களை ஒன்றோடொன்று நெருக்குகிறது. நேரான நரம்பில் மிகச் சிறியதாக இருந்த சுருக்கம், சுருளில் 49 சதவீதம் வரை பெருகிவிடுகிறது. இதே நீளமும் எடையும் கொண்ட மனிதத் தசை தூக்குவதைப்போல் நூறு மடங்கிற்கு மேற்பட்ட எடையை இது தூக்கும். எடைக்கு எடை பார்த்தால் இதன் திறன் கிலோகிராமுக்கு 5.3 கிலோவாட். இது ஜெட் விமானப் பொறிக்கு நிகரானது. செலவோ தூண்டில் நரம்பின் விலைதான்.

வலிமையில் மனிதத் தசையை மிஞ்சியாயிற்று. ஆயினும் நைலான் நரம்பு பூட்டிய கை எதுவும் நம் கையைப்போல் கோப்பையை எடுக்கவில்லை. காரணம் கேட்டால் பழைய கதைதான் திரும்புகிறது. வெப்பத்தால் சுருங்கிய நரம்பு மீண்டும் நீள வேண்டுமானால் அது குளிர வேண்டும். குளிர்வதற்கு நேரம் வேண்டும். மெல்லிய நரம்பு விரைவில் குளிரும், தடித்த நரம்பு தயங்கும். அமிலம் ஊறும் தொல்லை போய், வெப்பம் வெளியேறும் தொல்லை வந்தது. மேலும் கொடுத்த சக்தியில் 1 சதவீதத்தை ஒட்டிய பங்கே வேலையாகிறது. மற்றதெல்லாம் வீண் வெப்பம். நம் உடலோ உண்ட உணவின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை வேலையாக மாற்றவல்லது. நைலான் தசையால் இயங்கும் கையை அணிந்தவர், அதற்கான மின்கலத்தை முதுகில் மூட்டையாகச் சுமக்க நேரிடும்.

காயப்பட்டால் ஆறுவது, உழைக்க உழைக்க வலுப்பது ஆகிய இரண்டும் தசைக்கே உரியவை. ரப்பரும் நைலானும் உழைக்க உழைக்கத் தேயும். ஆறுவதில் மட்டும் ஒரு சிறு முன்னேற்றம் உண்டு. 2018-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தார் எண்ணெய் நிரப்பிய பிளாஸ்டிக் பையின் இருபுறமும் மின்வாய் பூசினார்கள். மின்சாரம் பாய்ந்ததும் மின்வாய்கள் ஒன்றையொன்று நெருங்கி எண்ணெயை ஒருபுறம் பிதுக்கும். பை உருமாறி இழுக்கும். மின்பொறி எண்ணெயைத் துளைத்துச் சென்றாலும், எண்ணெய் ஆதலால் அந்தத் துளை உடனே தூர்ந்துவிடுகிறது. ரப்பர்த் தாளைக் கொன்ற அதே பொறி இங்கே தழும்பின்றி மறைகிறது.

இத்தனைக்கும் பிறகு, ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வெளியே வந்து மனிதர்களின் உடம்போடு ஒட்டி உழைக்கும் தசை எது என்று தேடினால், மெக்கிப்பனின் வாயுத் தசைதான் முன்னே நிற்கிறது. ரப்பர்ச் சக்கரம் செய்யும் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 1980-களில் அதை இயந்திரக் கைகளுக்கு ஏற்றவாறு செய்து விற்றது. டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் உருவாகி, பின்னர் விற்பனைக்கும் வந்த 'மசில் சூட்' என்னும் அங்கி, படுத்த படுக்கையாக உள்ள முதியோரைத் தூக்கிக் கிடத்தும் பணியாளர்கள் முதுகில் அணிந்துகொள்வது. குனிந்து நிமிரும்போது இடுப்புக்கு வரும் சுமையை அது பகிர்ந்துகொள்கிறது. அதனுள்ளே இருப்பவை பின்னலுறை போர்த்திய ரப்பர்க் குழாய்கள். அவற்றில் காற்றை நிரப்புவதற்கு, மிதிவண்டிக்குக் காற்றடிப்பது போன்ற சிறு கைப்பம்பு ஒன்றே போதும்.